சேருமிடம் எழுதாத சரக்கு

வலைக்காரரின் சம்சாரத்தைச் சீக்கிரம் கெட்டுப்போகும் சரக்கு என்ற பிரிவில் விமானம் ஏற்றி அனுப்பியபோது, அவள் சாகத் தொடங்கி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. வெட்டிய ரோஜா, ஐஸில் புதைத்த மீன், தடுப்பூசி மருந்து எல்லாம் போகிற அதே பிரிவு. கிலோவுக்கு அன்றைக்கு என்ன கட்டணமோ அதைத்தான் வாங்கினார்கள். தெரிந்தவர் வீட்டுச் சரக்கு என்று குறைக்கவில்லை. இப்படி ஒன்றை இதுவரை அனுப்பியதில்லையே என்று கூட்டவும் இல்லை.

வலைக்காரர் என்றதும் மீன் பிடிக்கிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் வேலை பார்த்தார். கொட்டகை என்பது பேச்சுக்குத்தான். ஒரு முழுத் தெருவை, வீடு வாசல் விளக்குக் கம்பத்தோடு உள்ளே வைத்துக் கதவைச் சாத்தலாம். நடுவே தரையில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் வெளியூர் போகிற சரக்கு, அந்தப் பக்கம் வெளியூரிலிருந்து வந்த சரக்கு. இந்தப் பக்கத்தார் கட்டுவார்கள், அந்தப் பக்கத்தார் பிரிப்பார்கள். ஒரே கேன்டீனில் டீ குடிப்பார்கள், ஒரே வண்டியில் தொங்கிக்கொண்டு வீடு போவார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்ததும் உண்டு. ஆனால் கட்டுகிறவன் பிரித்ததில்லை, பிரிக்கிறவன் கட்டியதில்லை. அதற்கு அவசியமும் வந்ததில்லை. இங்கே கட்டியதை எங்கோ ஓர் ஊரில் முகம் தெரியாத ஒருவன் பிரித்துக்கொள்வான் என்ற தைரியத்தில்தான் உலகத்து வியாபாரம் பாதி நடக்கிறது.

வேலை இதுதான். உருளைகளின் மேல் ஓர் அலுமினியப் பலகை வந்து நிற்கும். அதில் கனமானதைக் கீழே, லேசானதை மேலே, நனையக் கூடாததை நடுவே என்று பெட்டிகளை அடுக்குவார்கள். அதற்கு மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்துவார்கள். பிறகு வலைக்காரர் வருவார். தோளில் கிடக்கும் வலையை ஒரே வீச்சில் போர்த்தி, நாலு மூலையிலும் இழுத்து, ஓரக் கயிறுகளை முடிச்சுப் போடுவார். கடைசி முடிச்சைப் போடும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். போட்டு முடித்துப் பெட்டியின் முதுகில் ஒரு தட்டு தட்டுவார், மாட்டை ஓட்டிவிடுகிறவர் மாதிரி. அவர் கட்டிய சரக்கு ஆகாயத்தில் அரை விரல்கூட நகர்ந்தது கிடையாது. நகர்ந்தால் விமானத்தின் மூக்கு தூக்கிக்கொள்ளும். அப்புறம் உள்ளே இருப்பவர்களுக்கு எதைப் பற்றியும் கவலைப்பட நேரம் இருக்காது. ஆகவே விமானிகள் அவரைப் பார்த்ததே இல்லை என்றாலும் அவர் கட்டினார் என்று கேட்டால் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

அவர் கட்டிய வலைக்குள் நேரம் நகராது என்பது முதலில் வெளியூர்க்காரர்களுக்குத்தான் தெரிந்தது. ரோஜாப் பூ, பறித்த காலையின் பனியோடு போய் இறங்குகிறது என்று தகவல் வந்தது. எங்கோ வேலைநிறுத்தம் நடந்து ஒரு வாரம் கிடந்த கோழிக்குஞ்சுகள், பிரித்தபோது ஒரு நாள் வயதிலேயே இருந்து கீச்கீச் என்றன. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமானது ஒரு தும்மலால். கொட்டகையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஆள் ஒருவன் இருந்தான். வண்டியின் முன்னால் இரண்டு இரும்புக் கொம்பு நீட்டிக்கொண்டிருப்பதால் அவனுக்குக் கொம்பன் என்று பெயர். அவன் ஒருநாள் சரக்குக்குப் பக்கத்தில் நின்று ‘அஹ்’ என்று இழுத்த நேரத்தில் வலைக்காரர் வலையைப் போர்த்திக் கட்டிவிட்டார். ‘அச்’ என்ற மிச்சம் கடல் தாண்டி ஓர் ஊரில், வலை பிரிக்கும்போது வெளிவந்தது. அங்கிருந்தவர்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். கொம்பனுக்குத்தான் மூன்று நாளாக மூக்கு அரித்துக்கொண்டே இருந்தது. மேலிடம் இதை விசாரித்து, இனிமேல் பூவும் மருந்தும் வலைக்காரர் மட்டுமே கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டு, ஒரு பாராட்டுப் பத்திரமும் கொடுத்தது. அதில் அவர் பெயருக்குப் பதிலாக வேறு யாருடைய பெயரோ இருந்தது. அவரும் அந்த யாரோவுக்காக அதைச் சுவரில் மாட்டிவைத்தார்.

வீட்டிலும் அவர் கை சும்மா இருக்காது. சர்க்கரைப் பை, பழைய துணி மூட்டை, கட்டிலடியில் கிடக்கும் போர்வைகள், எல்லாவற்றுக்கும் முடிச்சு. எறும்பு புகாது, ஈரம் ஏறாது, வாங்கிய அன்றைக்கு எப்படியோ அப்படியே இருக்கும். ஆனால் அவிழ்ப்பது அவருக்குத் தெரியாது. அது அவர் பார்க்கிற வேலை அல்ல. அவர் சம்சாரம்தான் தினமும் காலையில் தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, முடிச்சின் வயிற்றில் நுழைத்து, இரண்டு நெம்பு நெம்பி அவிழ்ப்பாள். அவிழ்த்துக்கொண்டே பேசுவாள்.

“ஏங்க, இது சர்க்கரை. ஓடியா போகப்போகுது?”

“காத்து படக் கூடாது.”

“கட்டறது நீங்க, கஷ்டப்படறது நான். கத்தரிக்கோல் எடுத்தா மட்டும் உயிர் போற மாதிரி கத்தறீங்க.”

கத்தரிக்கோல் விஷயத்தில் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. கொட்டகையில் வலையை அறுப்பதைப் போன்ற குற்றம் கிடையாது. திருட்டுக்குக்கூட மன்னிப்பு உண்டு, அதற்குக் கிடையாது. அந்தச் சட்டத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். டீயில் சர்க்கரை விழுந்ததும் அவர் பையை வாங்கி மறுபடி கட்டிவிடுவார். இப்படியே அவர்களுடைய குடித்தனம், ஒருவர் கட்டுவதும் ஒருவர் அவிழ்ப்பதுமாக, ஒரு சண்டையும் முற்றாமல் நடந்தது.

அவர்களுக்கு ஒரே மகள். வெகுதூரத்து நாட்டில், முதியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் அவளுக்கு வேலை. வேறு யாருடைய அம்மாக்களையோ குளிப்பாட்டி, தலை வாரி, ஊட்டிவிட்டு, தூங்கவைத்துக்கொண்டிருந்தபோது தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்ற செய்தி அவளுக்குப் போனது. உடனே கிளம்ப முடியவில்லை. அந்த நாட்டில் அவளுடைய காகிதங்கள் பாதியில் இருந்தன. வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். “ரெண்டே மாசம்ப்பா, வந்துடும்னு சொல்றாங்க. அம்மாவை எப்படியாவது பாத்துக்கோங்க,” என்று போனில் அழுதாள். வைத்தியர் அதே வாரத்தில் இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். வைத்தியர்கள் அப்படிச் சொன்னால் இரண்டு மாதமெல்லாம் கணக்கில் வராது என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஒரு மத்தியான நேரம் அவள் மூச்சு மாறியது. வலைக்காரர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பின்கட்டில், கொட்டகையில் கழித்துப் போட்ட பழைய வலை ஒன்று கிடந்தது. தேறினால் தேறட்டும் என்று அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கண்ணி கண்ணியாகச் சரிசெய்துகொண்டிருந்தார். அதை எடுத்துவந்து கட்டிலின் மேல் போர்த்தினார். நாலு காலிலும் இழுத்துக் கட்டினார். கடைசி மூலைக்கு வந்தபோது அவள் கண்ணைத் திறந்து, அவர் பக்கம் ஒரு கையைத் தூக்கி, ரொம்பத் தெளிவான குரலில், “ஏங்க, நான் போனதுக்கப்புறம் நீங்க…” என்றாள்.

அந்தப் பேச்சைக் கேட்க அவருக்குத் திராணி இல்லை. முடிச்சை இழுத்துவிட்டார்.

அவ்வளவுதான். வாய் திறந்தபடி நின்றது. தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. கண்ணோரத்தில் உருண்டு வந்த ஒரு சொட்டு விழாமல் நின்றது. அவர் பழக்கதோஷத்தில் கட்டில் சட்டத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு, அப்புறம்தான் தரையில் உட்கார்ந்து அழுதார்.

இரண்டு மாதம் என்றது ஆறு மாதமானது, ஆறு மாதம் வருடமானது, வருடங்கள் வழக்கம்போல ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. மகளின் காகிதத்தில் ஒரு மேஜை கையெழுத்துப் போட்டால் இன்னொரு மேஜை காலி செய்யப்பட்டது. வலைக்காரர் காலையில் வேலைக்குப் போனார், சாயங்காலம் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அன்றைய சமாசாரங்களைச் சொன்னார்: இன்றைக்கு ஒரு பந்தயக் குதிரை போனது, விமானி மாதிரி கர்வம், கொம்பன் ஒரு பெட்டியைக் குத்திவிட்டான், உள்ளே பியானோ, சூப்பர்வைசரம்மாவுக்குக் கண்ணாடி மாறிவிட்டது, இப்போது எல்லாரையும் இரண்டு தடவை திட்டுகிறார். வலை மேல் தூசி படியும், அவர் துடைப்பார். அதற்குக் கீழே, அவள் மேல் படியாது.

அவரை அரித்தது அந்தப் பாதிப் பேச்சுதான். நான் போனதுக்கப்புறம் நீங்க, என்ன? அவர் கேட்காமலேயே இந்தக் கேள்வி கொட்டகை முழுவதும் பரவி, பொதுச் சொத்து மாதிரி ஆகிவிட்டது. இன்னொரு கல்யாணம் பண்ணிக்காதீங்க என்பதாக இருக்கும் என்றது எடை போடும் பிரிவு. பண்ணிக்கோங்க என்பதாகத்தான் இருக்கும், அந்தம்மாள் பெரிய மனசுக்காரி என்றது ஆவணப் பிரிவு. மகள் வீட்டுக்குப் போய்விடச் சொல்லியிருப்பார் என்று சூப்பர்வைசரம்மா கருதினார். கொம்பனுக்குத் தனி அபிப்பிராயம்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நீங்க நிம்மதியா இருப்பீங்கன்னு சொல்ல வந்திருப்பாங்க.”

“வண்டியை எடுடா.”

“இல்லண்ணே, எங்க வீட்ல தினம் ரெண்டு வேளை இதைத்தான் சொல்றா. அதான் சொன்னேன்.”

இன்னொரு மாற்றத்தையும் கொட்டகை கவனித்தது. வலைக்காரர் சர்க்கரை போடாத டீ குடிக்க ஆரம்பித்திருந்தார். வைத்தியர் சொல்லியிருப்பார் என்றார்கள் சிலர், ஏதோ வேண்டுதல் என்றார்கள் சிலர். உண்மை அவ்வளவு பெரியது அல்ல. வீட்டில் அந்த மத்தியானத்துக்கு முன்னால் கட்டிய சர்க்கரைப் பை அடுப்படியில் அப்படியே இருந்தது. அவருக்கு அவிழ்க்கத் தெரியாது. அறுக்க மாட்டார். கடையில் வேறு வாங்கலாமே என்று அடுத்த வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டதற்கு, “அதான் வீட்ல இருக்கே,” என்று பதில் சொன்னார். வீட்டில் கிடைக்காததை வெளியில் குடிப்பதும் சரியில்லை என்று பட்டதோ என்னவோ, கேன்டீனிலும் கசப்பு டீதான்.

ஒன்பதாவது வருடம் கடைசி மேஜையும் கையெழுத்துப் போட்டு மகள் வந்து சேர்ந்தாள். நேராக அறைக்குள் போய்க் கட்டில் முன்னால் நின்றாள். போகும்போது இருந்த பின்னல் இல்லை, காதோரம் நரைத்திருந்தது. முட்டி வலிக்கிறது என்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். வலைக்குள் இருந்தவளுக்கும் வெளியே நின்றவளுக்கும் அக்கா தங்கை வித்தியாசம்தான் தெரிந்தது. “வந்துட்டேம்மா,” என்றாள் மகள். கை அந்தரத்திலேயே நின்றது.

முடிச்சை அவிழ்க்க, மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிரிப்புக்காரரை அழைத்துவந்தார்கள். மெலிந்த, நிதானமான மனிதர். எத்தனையோ நாட்டு முடிச்சுகளை ஒரு விரலால் தளர்த்தியவர். கட்டிலைச் சுற்றி வந்து நாலு மூலையையும் தொட்டுப் பார்த்தார். அரை மணி நேரம் வியர்த்தார். முடிச்சு கல் மாதிரி இருந்தது. பின்னாலேயே வந்திருந்த கொம்பன், பேச்சோடு பேச்சாக, யாருக்கும் தெரியாமல் ஒரு கண்ணியில் கம்பி வெட்டும் கருவியை வைத்துப் பார்த்தான். கருவியின் இரண்டு பல்லும் உதிர்ந்து அவன் உள்ளங்கையில் விழுந்தன. அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

பிரிப்புக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இதுல சேருமிடம் எங்க எழுதியிருக்கீங்க?” என்று கேட்டார்.

வலைக்காரர் விழித்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சேருமிடம் எழுதாத ஒரு பலகையை அவர் தொட்டதில்லை. அட்டை தொங்காவிட்டால் வலையைத் தோளிலிருந்தே இறக்க மாட்டார். அந்த ஒரு மத்தியானம் மறந்துவிட்டார்.

“எழுதலை.”

“உங்க முடிச்சு எங்க போகணுமோ அங்கதான் அவிழும். புறப்பட்ட எடத்துலேயே அவிழ்ந்தா அது சரக்கா? சரி, கட்டும்போது மனசுல யாரை நினைச்சீங்க?”

“பொண்ணை.”

“பொண்ணு அப்ப எங்க இருந்தது?”

வலைக்காரர் அந்த ஊரின் பெயரைச் சொன்னார்.

“அப்ப அங்கதான்.”

“அதான் நானே வந்துட்டேனே!” என்றாள் மகள்.

“நீ வந்திருக்கம்மா. ஊர் வரலையே. சரக்கு ஆளைத் தேடிப் போகாது, ஊரைத் தேடித்தான் போகும்,” என்றார் பிரிப்புக்காரர். இந்த வேலையில் இதற்கு மேல் வாதமில்லை என்பதால் டீ குடிக்காமலேயே எழுந்து போனார்.

வலைக்காரருக்கு அந்த ஊருக்குப் போக வழி இல்லை. அவர் அனுமதி கேட்டு எழுதியதை அந்த நாட்டார் இரண்டு முறை திருப்பியிருந்தார்கள். சரக்கு விமானத்தில் சரக்குக்கு இடம் உண்டு, கட்டியவனுக்கு இல்லை. ஆகவே விஷயம் சுருக்கமானது. அனுப்பினால் அங்கே வலை அவிழும். அவிழ்ந்தால் நேரம் ஓடும். ஓடுகிற நேரத்தில் தாயும் மகளும் நாலு வார்த்தை பேசிக்கொள்வார்கள், பிறகு ஒன்பது வருடத்துக்கு முந்தைய அந்த மத்தியானம் முடிந்துபோகும். அவர் இங்கே இருப்பார். அனுப்பாவிட்டால் அவள் இருப்பாள், வாய் திறந்தபடி, என்றைக்கும். மகள் இருந்த சில நாட்களும் அவர் இந்தப் பேச்சை எடுக்கவே விடவில்லை. வேலை நேரத்துக்கு முன்னாலேயே கிளம்பிப் போய், தாமதமாக வந்தார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலை மகள் டீ போட்டாள். “சர்க்கரை எங்கப்பா?” என்றாள். பையைக் காட்டினார். இழுத்துப் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

“அறுக்காதம்மா.”

மகள் பையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “எத்தனை நாளா இப்படியே குடிக்கறீங்க?”

அவர் தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“அப்பா, அங்க எங்க இல்லத்துல ஒரு பாட்டி இருக்காங்க. பேச வருவாங்க, வராது. வாயைத் தொறந்துக்கிட்டு ஒரு மணி நேரம் என் மூஞ்சியையே பாப்பாங்க. நான் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அதைப் பாக்கவே தாங்கலைப்பா எனக்கு. நீங்க ஒன்பது வருஷமா…”

“அவளுக்கு வலிக்காது. உள்ள நேரமே இல்லம்மா.”

“அம்மாவுக்கு இல்லை. சரி. உங்களுக்கு?”

அவர் அந்த டீயை முழுக்கக் குடித்தார். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். அப்புறம் கட்டில் அறைக்குப் போய், பையிலிருந்து ஒரு சேருமிட அட்டையை எடுத்து, மகள் இருக்கும் ஊரின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி வலையின் ஓரத்தில் கட்டினார். “நீ முன்னாடி போய் நில்லு. வலை அவிழும்போது நீ அங்க இருக்கணும்,” என்றார்.

கொட்டகையில் இதற்கு ஒரே ஒரு சிக்கல்தான் எழுந்தது: என்ன சரக்கு என்று எழுதுவது? உயிருள்ளவை என்ற பிரிவில் போட்டால் வழியில் தண்ணீர் காட்ட வேண்டும், காற்றுக்கு ஓட்டை வேண்டும். உடல் என்ற பிரிவில் போட்டால் இறந்ததற்குச் சான்று வேண்டும். அவள் இன்னும் இறக்கவில்லை. ஆவணப் பிரிவுக்காரர்கள் மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு விவாதித்தார்கள். சூப்பர்வைசரம்மா வந்தார், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வலைக்குள் கொஞ்ச நேரம் பார்த்தார். “அந்தம்மாவுக்கு எவ்வளவு நேரம் மிச்சம் இருக்கு?” என்று வலைக்காரரைக் கேட்டார். “ஒரு டீ ஆறுற நேரம் இருக்கும் மேடம்.” “அப்ப பெரிஷபிள், சீக்கிரம் கெட்டுப்போற சரக்கு. எழுதுய்யா,” என்றார். யாரையும் இரண்டாம் தடவை திட்டவில்லை.

கட்டிலோடு தூக்கி அலுமினியப் பலகையில் வைத்தார்கள். எடை போட்டார்கள், இரும்புக் கட்டிலின் எடைக்கு மேல் முள் அதிகம் நகரவில்லை. எடைக்காரர் தராசு சரியாகத்தான் இருக்கிறதா என்று தானே ஏறி நின்று பார்த்துவிட்டு இறங்கினார். கட்டிலைப் பலகையோடு சேர்த்து இறுக்கும் வெளிப்பட்டையை வேறொரு ஆள் மாட்டினான். வலைக்காரர் கை வைத்தால் எங்கே போய் அவிழுமோ என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. நாய்க் கூண்டுக்குப் பக்கத்தில் வேண்டாம், மேலே எதையும் அடுக்க வேண்டாம், தலை விமானத்தின் மூக்குப் பக்கம் இருக்கட்டும் என்று சரக்கு அடுக்குகிற திட்டத்தில் எழுதியிருந்தது. கொம்பன் அன்றைக்கு வண்டி ஓட்டிய மாதிரி அவன் கல்யாணத்துக்குக்கூட நடந்து போயிருக்க மாட்டான். அவ்வளவு நிதானம். விமானத்தின் வயிறு மூடும் வரை வலைக்காரர் விமானம் நிற்கும் இடத்து வேலிக்குப் பக்கத்தில் நின்றார். பெட்டியை ஒரு தட்டு தட்டி அனுப்புகிற கை அன்றைக்குப் பையிலேயே இருந்தது.

மறுநாள் மகள் போன் செய்தாள். அந்த ஊர்க் கொட்டகையில் வலை பிரிக்க வந்தவள் ஒரு பெண்பிள்ளை. விரல் வைத்ததும் முடிச்சு வெண்ணெய் மாதிரி நழுவிவிட்டது. கண்ணோரச் சொட்டு முதலில் விழுந்தது. தூக்கிய கை கீழே இறங்கியது. அம்மா அவளைப் பார்த்தாள், அடையாளம் தெரியாமல் இல்லை. “என்னடி, அதுக்குள்ள நரைச்சுட்ட?” என்றாள். அப்புறம் இருவரும் பேசிக்கொண்டார்கள். என்ன பேசினார்கள் என்பதை மகள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அது சேருமிடத்தில் இறக்கிய சரக்கு.

“கடைசியா உங்களைத் தேடினாங்கப்பா. அப்பா எங்கன்னு கேட்டாங்க. அங்கதான் இருக்கார்னு சொன்னேன். ஏதோ சொல்ல வந்து, என்னைப் பாத்துட்டு, இது உனக்கில்லன்னாங்க. பக்கத்துல கிடந்த வலையை இழுத்து, மூலைல வாயை வச்சு ஏதோ மெதுவா சொல்லிட்டு, அதுல ஒரு முடிச்சுப் போட்டாங்க. அம்மா முடிச்சுப் போட்டு நான் பாத்ததே இல்லப்பா. போட்டுட்டுப் படுத்தாங்க.”

அதற்குப் பிறகு மகள் கொஞ்ச நேரம் அழுதாள். அவர் போனைக் காதிலேயே வைத்திருந்தார். “வலை எங்க?” என்று கேட்டபோது, அவர்கள் மற்ற வலைகளோடு சேர்த்து எடுத்துப் போய்விட்டார்கள் என்றாள்.

வலைகள் திரும்பி வரும். அது இந்தத் தொழிலின் நியாயம். சரக்கு போகும், வலை வரும். ஆனால் போன வழியே வராது. எந்த ஊரில் வலை குறைகிறதோ அந்த ஊருக்குப் போய், அங்கிருந்து வேறு எங்காவது போய், ஊர் சுற்றி முடித்துத்தான் வீடு சேரும். வலைக்காரர் வந்து குவியும் காலி வலைகளைத் தினமும் கிளறிப் பார்த்தார். பிறகு கொட்டகையே பார்க்க ஆரம்பித்தது. வெளியூர்களுக்குத் தகவல் போனது: தைத்துச் சரிசெய்த பழைய வலை, மூலையில் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத ஒரு முடிச்சு, யாரும் அவிழ்க்க வேண்டாம். பதில்கள் வந்தன. அந்த வலை ஓர் ஊரில் வாழைப்பழத்தோடு இருந்தது, இன்னொரு ஊரில் இயந்திர உதிரிகளோடு இருந்தது, ஒரு பனி நாட்டில் குளிர்காலம் முழுக்க ஒரு சுவரோரம் கிடந்தது. எந்த ஊரிலும் எவரும் முடிச்சைத் தொடவில்லை. அவர்களும் வலைக்காரர்கள்தானே.

மழை விட்ட ஒரு முற்பகலில் அது வந்தது. கொம்பன்தான் பார்த்தான். குவியலிலிருந்து இழுத்து, கொம்பு மேல் போட்டு, பொக்கிஷம் மாதிரி ஓட்டிவந்தான். மூலையில் முடிச்சு இருந்தது. அசல் அடுப்படி முடிச்சு. இரண்டு சுற்று, ஒரு கோணல் இழுப்பு, கட்டிப் பழக்கமில்லாத கை என்பது பார்த்தாலே தெரிந்தது.

பிரிப்புக்காரர் மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்தார். பார்த்துவிட்டுத் தலையாட்டினார். “இது உங்களுக்கு வந்தது. நான் தொட்டா அவிழாது.”

“எனக்கு அவிழ்க்கத் தெரியாதுப்பா.”

“பல்லால கடிச்சு இழுங்கண்ணே,” என்றான் கொம்பன்.

வலைக்காரர் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்தார். வீட்டுக் கண்ணாடியின் ஓரத்தில் அவள் செருகி வைத்திருந்தது. அட்டை கட்டிய நாளிலிருந்து பையிலேயே இருந்தது. முடிச்சின் வயிற்றில் நுழைத்தார். அது நழுவியது. மறுபடி நுழைத்தார். வாழ்நாள் முழுக்க இழுத்து இறுக்கியே பழகிய விரல்கள் தளர்த்தச் சொன்னால் கேட்கவில்லை; ஒரு பக்கம் நெகிழ்ந்தால் மறுபக்கத்தைத் தானாக இறுக்கின. சுற்றி உருளைகள் ஓடின, பலகைகள் வந்து போயின, சாப்பாட்டு மணி அடித்தது. யாரும் சாப்பிடப் போகவில்லை, வேலையும் நிற்கவில்லை. சூப்பர்வைசரம்மா அவர் பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். வெயில் கதவு வழியே உள்ளே வந்து அவர் கால் வரை நீண்டபோது, ஒரு சுற்று லேசாக மூச்சு விட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு பின்னை இரண்டு நெம்பு நெம்பினார். அவள் நெம்புவது போலவே.

முடிச்சு அவிழ்ந்தது. கொட்டகை முழுக்கக் கேட்டது, ஒலிபெருக்கி இல்லாமலே:

“…சர்க்கரைப் பையை எப்படிங்க அவிழ்ப்பீங்க? பல்லால இழுக்காதீங்க. ஏற்கெனவே ரெண்டு பல்லு ஆடுது.”

எடை போடும் பிரிவும் ஆவணப் பிரிவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டன. இரு தரப்பும் தோற்றிருந்தன. கொம்பன் வண்டியை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். வலைக்காரர் நாக்கால் வாயின் இடப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். ஆடிக்கொண்டிருந்த அந்த இரண்டு பல்லும் விழுந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அவர் அவிழ்ந்த கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு ஓர் அறிவிப்பு வந்து, அடுத்த விமானத்துக்கு நேரமாகிறது என்றது. ஆட்கள் கலைந்தார்கள்.

அன்றிலிருந்து அவர் கட்டிய வலைக்குள் நேரம் ஓட ஆரம்பித்தது. பூக்கள் மற்றவர்கள் கட்டிய பூக்களைப் போலவே வாடி இறங்கின, குஞ்சுகள் போகிற வழியில் வயதாகிக்கொண்டே போயின. பூ வியாபாரிகள் கொஞ்ச நாள் குறைபட்டுக்கொண்டு, அப்புறம் ஐஸைக் கூட்டினார்கள். மேலிடம் பாராட்டுப் பத்திரத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனார். கட்டில் இருந்த இடத்தில் தரை மட்டும் நாலு கால் அளவுக்கு வெளுத்திருந்தது. அடுப்பில் தண்ணீர் வைத்தார். சர்க்கரைப் பையை எடுத்து மடியில் வைத்து, பின்னை நுழைத்து, நிதானமாக அவிழ்த்தார். பல்லால் இழுக்கவில்லை. சர்க்கரை கட்டி தட்டாமல், வாங்கிய அன்றைக்கு எப்படியோ அப்படியே கொட்டியது. ஒரு கரண்டி போட்டு, கலக்கி, குடித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு என்பதால் தித்திப்பு கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. பையின் வாயைக் கட்டாமல், சும்மா மடித்து வைத்துவிட்டுப் படுத்தார். காலையில் எறும்பு வந்திருந்தது.